மாற்றுச் சிறுநீரகமும் பெருங்குடல் அழற்சியும்

1971ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயிருடன் இருப்பவரின் சிறுநீரகத்தை மற்றொருவருக்குப் பொருத்தும் சிகிச்சை வெற்றி பெற்றது. 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று நாட்டின் பல மாநிலங்களிலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது. சிகிச்சை பெற்றோர் ஊர் திரும்பிப் பல்லாண்டுகள் வாழ்கின்றனர். அவர்களுக்கு வயிற்றுவலி தோன்றினால் முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் உள்ளூர் மருத்துவரே. எனவே இவர்களுக்கு நேரும் பெருங்குடல் அழற்சியைப் பற்றி அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

நோயின் இயல்பு

வயது ஏற ஏறப் பெருங்குடற் சுவரின் வலுக்குறைந்த இடங்களில் சிறு பைகள் பிதுங்குவதுண்டு. இவை டைவர்ட்டிகுலா எனப்படும். மேலை நாடுகளில் இவை குடலின் இடப்பக்கத்தில் மிகுதி; ஆசிய மக்களிடையே வலப்பக்கத்திலும் கணிசமாகக் காணப்படுகின்றன. பலருக்கு இவற்றால் தொல்லையில்லை. பை அழற்சியுற்றால் அது டைவர்ட்டிகுலைட்டிஸ் ஆகும். அது முற்றினால் சீழ்க்கட்டி, குடலில் துளை, சிறுநீர்ப்பைக்குத் தவறான வழி, வயிறு முழுவதும் பரவும் அழற்சி ஆகியவை விளையலாம்.

நார்ச்சத்துக் குறைந்த உணவே இதற்குக் காரணம் என்று 1971ஆம் ஆண்டு பெயின்ட்டர், பர்க்கிட் ஆகிய மருத்துவர்கள் வாதிட்டனர். பிற்கால ஆய்வுகள், முதுமை, மரபு, உடற்பருமன் ஆகியவற்றுக்கும் பங்குண்டு எனக் காட்டின. பரம்பரையாக வரும் பல்கட்டிச் சிறுநீரக நோயுள்ளவர்களிடம் இந்நோய் சற்று மிகுதியாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன.

அறிகுறி மறையும் ஆபத்து

பொருத்திய உறுப்பை உடல் ஏற்காமல் தள்ளிவிடாதிருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் தொடர்ந்து தரப்படுகின்றன. இவற்றுள் ஸ்டீராய்டு குடற்சுவர் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. காய்ச்சலையும் வலியையும் தணித்தும் காட்டுகிறது. குடலில் துளை விழுந்த நிலையிலும் வயிறு மென்மையாகவே இருக்கக்கூடும். இரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் எதிர்பார்த்த அளவு உயராமலிருக்கலாம். மைக்கோபினோலேட் என்னும் மருந்தே வயிற்றுப்போக்கு உண்டாக்குவதால், நோயின் அறிகுறியை மருந்தின் விளைவென எண்ணிவிடவும் இடமுண்டு. சிறிய வலி என்று காத்திருப்பதே இங்குப் பேரிடராக முடிகிறது.

சிகிச்சையின் சிக்கல்

ஐயம் எழுந்தவுடன் வயிற்றை சி.டி. ஸ்கேன் செய்தல் வேண்டும். அதற்கான சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்ற அச்சத்தால் உயிர்காக்கும் பரிசோதனையைத் தள்ளிப்போடலாகாது. பயனையும் தீங்கையும் எடைபோட்டு மருத்துவர் முடிவெடுப்பார்.

மருந்துத் தேர்விலும் கவனம் தேவை. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகியவை இரத்தத்தில் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் அளவை உயர்த்தும்; ரிபாம்பிசின் குறைக்கும். புரூபன் போன்ற வலி நிவாரணிகள் சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் கேடு செய்யும்.

நோய்த்தொற்று கடுமையானால் எதிர்ப்பாற்றல் அடக்கும் மருந்தைக் குறைக்க வேண்டியிருக்கும். ஆயின் உறுப்பை இழக்கும் அபாயமும் உண்டு. நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதோ உயிருக்கே தீங்காகும். ஆகவே மாற்றங்களை உறுப்பு மாற்று மருத்துவரின் ஆலோசனையுடன் செய்தல் வேண்டும். துளையும் பரவிய அழற்சியும் இருப்பின் அறுவை சிகிச்சையைத் தாமதிக்கலாகாது.

தடுப்பும் கடமையும்

முன்பு இந்நோய் கண்டவர்களை உறுப்பு மாற்றத்துக்கு முன்பே நன்கு பரிசோதித்தல் வேண்டும். டயாலிசிஸ் காலத்தில் நீரும் காய்கனிகளும் கட்டுப்படுத்தப்படுவதால் மலச்சிக்கல் நேர்வதுண்டு. மாற்றுச் சிறுநீரகம் நன்கு இயங்கத் தொடங்கியபின், மருத்துவர் அனுமதிக்கும் அளவில் நார்ச்சத்துள்ள உணவும் நீரும் கொள்ளலாம்.

நோயாளி தம் மருந்துகளின் பெயர், அளவு, சிகிச்சை அளித்த மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவை அடங்கிய அட்டையை எப்போதும் வைத்திருத்தல் நன்று. அதனைக் கேட்டுப் பார்த்து, வலி சிறிதாயினும் விரைந்து மேல்மருத்துவமனைக்கு அனுப்புவது ஆரம்ப சுகாதார நிலையத்தின் கடமையாகும். பெரும் பொருட்செலவிலும் ஒருவரின் கொடையாலும் கிடைத்த உறுப்பு நிலைப்பது, பல வேளைகளில் இந்த முதற்கட்ட விழிப்பையே பொறுத்துள்ளது.