எரிசக்தி ஆதாரங்களும் அவற்றின் வகைப்பாடும்: மும்பை நகரிலிருந்து ஓர் அறிமுகம்

பம்பாய் நகரின் மாதுங்காப் பகுதியில், ஆதரவற்ற தொழுநோயாளிகளுக்கென 1890-ஆம் ஆண்டில் ஒரு விடுதி திறக்கப்பட்டது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த ஆக்வர்த் என்பார் முன்னின்று நிறுவிய அவ்விடுதி, இன்று வடாலாவில் அவர் பெயரைத் தாங்கிய மாநகராட்சி மருத்துவமனையாக விளங்குகிறது. 1897-இல் அவ்விடுதியின் கழிவுநீர்த் தொட்டியில், அழுகும் கழிவிலிருந்து எழும் வாயுவைச் சேகரிப்பதற்கான அமைப்பு பொருத்தப்பட்டது. அவ்வாயுவைக் கொண்டு இயந்திரமும் இயக்கப்பட்டது. உயிர்வாயு பற்றிய நூல்கள் பலவும் இந்நிகழ்ச்சியை 1859-ஆம் ஆண்டுக்கு உரியதாகக் குறிப்பிடுகின்றன. விடுதியே 1890-இல்தான் தோன்றியது என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு நூலின் பிழையை மற்றொரு நூல் பார்த்து எழுதி வந்திருக்கிறது என்பது விளங்கும். எரிசக்தித் துறையில் புள்ளிவிவரங்களைக் கையாளும் மாணவர்கள் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டிய எச்சரிக்கை இது.

இந்த மாதுங்கா வாயுவை எந்தப் பிரிவில் சேர்ப்பது? எரிசக்தி ஆதாரங்களை நான்கு விதமாகப் பிரிப்பது வழக்கம். முதல்நிலை, இரண்டாம்நிலை என்பது ஒன்று. வணிகம் சார்ந்தது, வணிகம் சாராதது என்பது மற்றொன்று. மரபு சார்ந்தது, மரபு சாராதது என்பது மூன்றாவது. தீர்ந்துபோவது, புதுப்பிக்கத்தக்கது என்பது நான்காவது. தேர்வு எழுதுவோர் இந்நான்கையும் ஒரே பிரிவினையின் வெவ்வேறு பெயர்கள் என்று எண்ணிக் குழம்புவதுண்டு. பயிற்சிக்கு வரும் இளம் அலுவலர்களிடமும் இக்குழப்பத்தை நான் பல முறை கண்டிருக்கிறேன். உண்மையில் இவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கேள்விக்கு விடையாகப் பிறந்தவை.

முதல் பிரிவினை எளிது. இயற்கையில் கிடைத்தவாறே இருக்கும் நிலக்கரி, கச்சா எண்ணெய், விழும் நீர், வெயில், காற்று ஆகியவை முதல்நிலை ஆதாரங்கள். அவற்றை மாற்றிப் பெறும் மின்சாரம், பெட்ரோல், சமையல் எரிவாயு ஆகியவை இரண்டாம்நிலையைச் சேர்ந்தவை. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் பம்பாய் விக்டோரியா முனையத்திலிருந்து குர்லாவுக்கு ஓடியது. அவ்வண்டி புகை கக்கவில்லை என்பது உண்மை. ஆனால், மின்சாரம் தூய்மையானதா என்று கேட்பதில் பொருளில்லை. அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்றே கேட்க வேண்டும். அண்மையில் பெரிதாகப் பேசப்படும் ஹைட்ரஜனுக்கும் இவ்விதி பொருந்தும்.

இரண்டாவது பிரிவினை நம் நாட்டுத் திட்டமிடலில் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. விலைக்கு விற்கப்பட்டுக் கணக்கில் பதிவாகும் நிலக்கரி, எண்ணெய், மின்சாரம் முதலியன வணிகம் சார்ந்தவை. விறகு, வறட்டி, பயிர்க்கழிவு ஆகியவை வணிகம் சாராதவை. 1974-இல் அறிக்கை அளித்த எரிபொருள் கொள்கைக் குழு, அக்காலத்தில் நாட்டின் எரிசக்தி நுகர்வில் ஏறத்தாழப் பாதி இந்த இரண்டாம் வகையிலிருந்தே கிடைத்ததைச் சுட்டிக்காட்டியது. கிராமத்துப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவரும் விறகுக்கு விலைச்சீட்டு இல்லை. ஆகவே அதற்குச் செலவாகும் உழைப்பும் நேரமும் எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை. கணக்கில் ஏறாத பொருளுக்கு முதலீடும் அரிதாகவே ஒதுக்கப்பட்டது. ஐந்தாண்டுத் திட்டங்களில் மின் நிலையங்களுக்கு ஒதுக்கிய தொகையையும், புகையில்லா அடுப்புக்கு ஒதுக்கிய தொகையையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்களுக்கு இது விளங்கும்.

நகரத்தில் இப்பெயர் மேலும் பொருந்தாமல் போகிறது. தாராவியின் கும்பார்வாடாவில், சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர் குடும்பங்கள் பல தலைமுறைகளாகப் பானைகளும் அகல் விளக்குகளும் செய்து வருகின்றன. அவர்களுடைய சூளைகளில் பஞ்சுக் கழிவும் துணிக் கழிவும் எரிபொருளாகப் பயன்பட்டு வந்துள்ளன. இவை விலை கொடுத்து வாங்கப்படுபவை; எனவே வணிகம் சாராதவை என்பது தவறு. பஞ்சு செடியிலிருந்து கிடைப்பது, ஆண்டுதோறும் விளைவது. ஆகவே இலக்கணப்படி அது புதுப்பிக்கத்தக்க எரிபொருளே. ஆனால் சூளையும் வீடும் ஒரே முற்றத்தில் அமைந்திருக்கும் அவ்விடத்தில், சூளை மூட்டும் நாளன்று எழும் அடர்ந்த புகையைச் சுவாசிப்பவர்கள் அக்குடும்பத்துக் குழந்தைகளும் முதியோருமே. துணிக் கழிவில் செயற்கை இழை கலந்திருந்தால் புகையின் நச்சுத்தன்மை கூடுகிறது. அவ்விழை பெட்ரோலியத்திலிருந்து பிறந்ததாகையால், புதுப்பிக்கத்தக்கது என்னும் பெயரும் அப்போது அரைகுறையாகிவிடுகிறது. புதுப்பிக்கத்தக்கது என்றால் தூய்மையானது என்று பொருள் கொள்வது பாடநூல்கள் சிலவற்றிலும் காணப்படும் பிழை. முன்னது இருப்பு தீருமா என்ற கேள்விக்கு விடை. பின்னது உடல்நலம் கெடுமா என்ற கேள்விக்கு விடை.

மூன்றாவது பிரிவினை நிர்வாகத்தில் தோன்றியது எனலாம். 1973-இல் எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் மேற்கொண்ட நடவடிக்கையால், கச்சா எண்ணெயின் விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்காகியது. 1974-இல் பம்பாய்க்கு அருகே கடலில் எண்ணெய் வளம் கண்டறியப்பட்டு, 1976-இல் உற்பத்தி தொடங்கியது ஓரளவு ஆறுதல் அளித்தது. எனினும், மாற்று வழிகளைத் தேடும் அவசியம் உணரப்பட்டு, 1981-இல் கூடுதல் எரிசக்தி ஆதாரங்களுக்கான ஆணையமும், 1982-இல் மரபுசாரா எரிசக்தி ஆதாரங்கள் துறையும் அமைக்கப்பட்டன. துறை 1992-இல் அமைச்சகமாயிற்று. 2006-இல் புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் எனப் பெயர் மாறியது. மரபு சாராதது என்ற சொல் அலுவலகப் பலகையிலிருந்து அகன்றதில் எனக்கு வருத்தமில்லை. சூரியனும் காற்றும் சாணமும் நம் மரபுக்குப் புறம்பானவை என்றும், அனல் மின் நிலையம்தான் நம் மரபு என்றும் பொருள்படும் சொல் அது. மாதுங்காவின் வாயு 1897-இலேயே பயன்பட்டது. மரபு சார்ந்ததாகக் கருதப்படும் கோப்போலி நீர்மின் நிலையம் அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் பிற்பட்டது.

கோப்போலியைப் பற்றிச் சற்று விரிவாகக் காண்போம். மேற்குத் தொடர்ச்சி மலையில் லோனாவளாவைச் சுற்றித் தேக்கிய மழைநீரை, ஏறத்தாழ 500 மீட்டர் கீழே கொங்கண நிலத்துக்குக் குழாய்களில் இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் அது. டாட்டா நிறுவனத்தார் 1915-இல் அதனை இயக்கத் தொடங்கினர். பம்பாயின் பஞ்சாலைகள் நிலக்கரியை நம்பியிருந்த நிலை அதனால் மாறத் தொடங்கியது. அதையடுத்து பிவ்புரி 1922-லும், பீரா 1927-லும் இயங்கலாயின. இவற்றின் தற்போதைய திறன் முறையே 72, 75, 300 மெகாவாட்.

விழும் நீர் தீராத வளம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் 2019 மார்ச் வரை, நம் அரசின் கணக்கில் 25 மெகாவாட் வரையிலான சிறு நீர்மின் நிலையங்களே புதுப்பிக்கத்தக்கவை என்ற தலைப்பில் இடம்பெற்றன. அம்மாதம் அமைச்சரவை எடுத்த முடிவால் பெரிய நீர்மின் நிலையங்களும் அத்தலைப்புக்குள் வந்தன. நூறாண்டுகளாக விழுந்துவந்த நீர் ஒரே நாளில் பெயர் மாறியது! இது வெறும் பெயர் மாற்றமன்று. மின் விநியோக நிறுவனங்கள் தாம் வாங்கும் மின்சாரத்தில் குறிப்பிட்ட பங்கினைப் புதுப்பிக்கத்தக்க ஆதாரங்களிலிருந்து பெற வேண்டும் என்ற கடப்பாடு உள்ளது. எது அத்தலைப்பில் சேரும் என்பதைப் பொறுத்தே பணம் எங்கே செல்லும் என்பது அமைகிறது. 25 மெகாவாட் என்ற கோட்டினை இயற்கை வரையவில்லை. பெரிய அணைகளால் காடும் நிலமும் மூழ்குவதையும் மக்கள் இடம்பெயர்வதையும் கருத்தில் கொண்டால் ஒரு கோடு தேவைதான். ஆனால் அதனை மெகாவாட்டில் வரைவதா, மூழ்கும் ஏக்கரில் வரைவதா என்பது வேறு கேள்வி.

அக்கேள்விக்கும் விடை அந்த மலைகளிலேயே உள்ளது. பீரா நிலையத்துக்கு நீர் தரும் முல்ஷி அணையை எதிர்த்து, நிலமிழக்கும் விவசாயிகள் 1921-இல் சத்தியாக்கிரகம் தொடங்கினர். பாண்டுரங்க மகாதேவ பாபட் அதற்குத் தலைமை தாங்கிச் சிறை சென்றார். சேனாபதி என்ற பட்டம் அவருக்கு அப்போராட்டத்தால் நிலைத்தது. அணை கட்டப்பட்டது, ஊர்கள் மூழ்கின. மேலும், கிழக்கு நோக்கி ஓடிப் பீமா நதியில் சேர வேண்டிய நீர், மின்சாரத்துக்காக மேற்கே திருப்பப்படுகிறது. மழை ஆண்டுதோறும் அந்நீரைப் புதுப்பிக்கிறது. ஆனால் வறட்சிக்கு ஆளாகும் பீமா படுகைக்கு அது திரும்பிச் செல்வதில்லை. ஆதாரம் தீராததாக இருந்தாலும், அது யாருக்குரியது என்ற கேள்வி தீர்ந்துவிடுவதில்லை.

செம்பூரிலிருந்து டிராம்பே வரை சென்றால், தீர்ந்துபோகும் ஆதாரங்கள் அனைத்தையும் ஒரே பயணத்தில் காணலாம். 1954, 1955-ஆம் ஆண்டுகளில் இயங்கத் தொடங்கிய இரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், 1956-இல் தொடங்கிய அனல் மின் நிலையம், அதே ஆண்டு ஆகஸ்ட் 4-ஆம் நாள் இயங்கிய அப்சரா அணு உலை ஆகியவை அங்கு அமைந்தன. அருகிலுள்ள மாஹுல் பகுதியின் காற்று மக்களின் உடல்நலத்துக்குத் தீங்கானது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் கூறியது. நகரத்தின் பிற இடங்களில் வீடிழந்தவர்களைக் குடியேற்றத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடமும் அதுவே.

அணுசக்தியைப் பற்றி ஒரு சொல். யுரேனியம் தீர்ந்துபோகும் கனிமம். இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுறும் பகுதி 0.7 விழுக்காடே. ஆனால் அது கரியமில வாயுவை உமிழும் புதைபடிவ எரிபொருளன்று. எனவே, இந்நாளில் பெரிதும் வழங்கும் புதைபடிவமல்லாத ஆதாரங்கள் என்ற ஐந்தாவது தலைப்பில் அது நீருடனும் வெயிலுடனும் சேர்ந்து நிற்கிறது. 2025 ஜூன் மாத அளவில், நாட்டின் மின் நிறுவு திறனில் பாதி இத்தலைப்பைச் சேர்ந்தது. இதைப் படித்துவிட்டு, நம் மின்சாரத்தில் பாதி நிலக்கரி கலவாதது என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் தர இயலாது. நிறுவு திறன் வேறு, உற்பத்தி வேறு. சூரிய மின் நிலையம் இரவில் உறங்குகிறது. ஆண்டு முழுதும் கணக்கிட்டால் தன் முழுத்திறனில் ஐந்தில் ஒரு பங்கு அளவே அது தருகிறது. 2024-25-இல் உற்பத்தியான மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்தே வந்தது.

இறுதியாக, செம்பூருக்கு அடுத்த தேவ்னார். 1927 முதல் நகரத்தின் குப்பையைத் தாங்கிவரும் அம்மேடு 2016-இல் பல நாட்கள் எரிந்து, நகரையே புகையால் மூடியது. குப்பைக்குள் அழுகும் உணவுக் கழிவு வெளிவிடும் மீத்தேன், மாதுங்காத் தொட்டியில் 1897-இல் பிடித்து வைக்கப்பட்ட அதே வாயுதான். குப்பையை எரித்து எடுக்கும் மின்சாரமும் நம் கணக்கில் புதுப்பிக்கத்தக்கதாகவே பதிவாகிறது. அக்குப்பையில் உள்ள பிளாஸ்டிக் பெட்ரோலியத்தின் பிள்ளை. அதன் பங்கைப் பிரித்தெழுத நம் கணக்கேட்டில் தனிப் பத்தி இல்லை. ஈரமான உணவுக் கழிவோ எரிப்பதற்கு ஏற்றதன்று. அதனைத் தனியே பிரித்து நொதிக்க வைத்தால் வாயுவும் எருவும் கிடைக்கும். இதற்கான நிசர்கருணா என்னும் முறையை உருவாக்கியது, தேவ்னாரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம்.