பரங்கிமலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு

ராணுவ ஆபீசர் பயிற்சிக்குப் பரங்கிமலை அகாடமியில் சேரப்போகிறவர்கள், எதைப் படித்துவிட்டுப் போகலாம் என்று கேட்கிறார்கள். 1999 கார்கில் போரைப் படியுங்கள் என்பேன். வீரத்துக்காக மட்டுமல்ல, எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகவும்.

1. முதலில் மேப்பை விரியுங்கள். ஸ்ரீநகர்–லே சாலையில் திராஸைக் கண்டுபிடியுங்கள். அதற்கு மேலே தோலோலிங், டைகர் ஹில். பாகிஸ்தானிலிருந்து ஊடுருவி அந்த உச்சிகளில் உட்கார்ந்தவனுக்குச் சாலையில் போகிற லாரிகள் தெரியும். பீரங்கிக்கு இலக்கு சொல்லிவிடுவான். எதற்காகச் சண்டை என்பது அங்கேயே விளங்கிவிடும்.

2. கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று தரைப்படைக்கும் விமானப்படைக்கும் அரசு உத்தரவிட்டது. அதற்குக் கொடுத்த விலையை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள். தாண்டியிருந்தால் எதிரியின் சப்ளையைப் பின்னாலிருந்து அறுத்திருக்கலாம். அது முடியாததால், மூச்சுத் திணறும் உயரத்தில், பங்கரை நோக்கிக் கீழிருந்தே ஏறினார்கள். அந்தப் போரில் நம் வீரர்கள் 527 பேர் உயிர்விட்டார்கள். திருச்சி மேஜர் சரவணன் மே 29 அன்று படாலிக்கில் வீழ்ந்தார். உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேலானது.

அப்படியும் அந்த உத்தரவு சரி என்றே சொல்வேன். முந்தைய ஆண்டுதான் இரு நாடுகளும் அணுகுண்டு வெடித்துச் சோதித்திருந்தன. நாம் கோட்டை மதித்ததால்தான் உலகம் பாகிஸ்தானைப் பின்வாங்கச் சொன்னது. நம் வீரர்கள் டைகர் ஹில் உச்சியைப் பிடித்த அதே ஜூலை 4 அன்று, வாஷிங்டனில் நவாஸ் ஷெரீப் படைகளைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டார்.

3. டைகர் ஹில்லில் நம் வீரர்கள் ஏறிய வழியைக் கவனியுங்கள்: இருட்டில், செங்குத்தான பக்கமாக, கயிறு கட்டி. இந்தப் பக்கம் எவனும் வரமாட்டான் என்று எதிரி நினைத்த பக்கம் அது.

4. 1949 ஜெனீவா ஒப்பந்தங்களைப் பரீட்சைக்கு மட்டும் படிக்காதீர்கள். காயம்பட்டு விழுந்தவனையும் சரணடைந்தவனையும் சுடுவது குற்றம். சற்று முன்புதான் அவன் உங்கள் ஜவானைக் கொன்றிருந்தாலும் குற்றம்தான். எதிரி விதியை மீறினால்? நம் ஆபீசர் சௌரப் காலியாவும் அவருடன் ரோந்து போன ஐந்து ஜவான்களும் எதிரியிடம் பிடிபட்டு, சிதைந்த உடல்களாகத் திரும்பி வந்தார்கள். நினைத்தால் இன்றும் ரத்தம் கொதிக்கிறது. ஆனாலும் பழிவாங்கக் கைதிமேல் கை வைக்கக் கூடாது என்று மூன்றாம் ஒப்பந்தம் தெளிவாகச் சொல்கிறது. அந்த நேரத்தில் ஜவான்கள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஆகவே பிளட்டூன் கைக்கு வந்த முதல் வாரமே இதைப் பேசிவிடுங்கள்.

5. எதிரியின் வீரத்தையும் மதிக்கப் பழகுங்கள். டைகர் ஹில்லில் பாகிஸ்தான் கேப்டன் கர்னல் ஷேர் கான் (கர்னல் என்பது பதவியல்ல, பெயர்) கடைசிவரை போரிட்டு மாண்டார். நம் பிரிகேடியர் பாஜ்வா அவர் வீரத்தைப் பாராட்டி ஒரு சீட்டு எழுதி, அவர் சட்டைப்பையில் வைத்து உடலை அனுப்பினார். பிறகு அந்த நாடு தன் மிக உயர்ந்த விருதை அவருக்குக் கொடுத்தது.

6. கே.சுப்ரமணியம் தலைமையிலான கார்கில் மறுஆய்வுக் குழுவின் அறிக்கையைத் தேடிப் படியுங்கள். ஊடுருவலை முதலில் பார்த்துச் சொன்னவர்கள் ஆடு மேய்க்கிறவர்கள். அதுவரை நம் உளவுத்துறைக்கும் ரோந்துக்கும் ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது. சில பகுதிகளை நீக்கித்தான் வெளியிட்டார்கள். மிச்சமிருப்பதே உங்களுக்குப் போதும்.