ஈசிஜி நார்மல், ஆனாலும் நெஞ்சு படபடத்தது

ஈசிஜி, தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாமே நார்மல். ஆனால் நெரிசலான பேருந்தில் ஏறினால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், விரல்நுனி மரத்துப்போகும், இதோ மயங்கி விழப்போகிறேன் என்று தோன்றும். கண்ணு பட்டிருக்கும் என்று வீட்டில் திருஷ்டி கழித்தார்கள். "எல்லாம் உன் கற்பனை, விடுப்பா" என்றார் அலுவலக நண்பர். பரிசோதித்த மருத்துவர்தான், "இது பேனிக் அட்டாக். கவுன்சலிங் போங்க" என்றார்.

புத்திமதி சொல்வார்கள் என்று நினைத்துப் போனேன். ஆலோசகராக இருந்த அம்மா புத்திமதி எதுவும் சொல்லவில்லை. என் உடம்பில் நடப்பதை விளக்கினார். ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. மூச்சும் வேகமாவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது; தலைசுற்றலும் மரத்துப்போவதும் அதனால்தான். இந்த அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகவே தணிந்துவிடும். அறிகுறிகள் நிஜம், அவற்றுக்கு நான் சொல்லிக்கொண்ட அர்த்தம்தான் தவறு. இது புரிந்ததிலேயே பாதி பாரம் இறங்கியது.

அடுத்து, தவிர்ப்பதைப் பற்றிப் பேசினோம். பேருந்தை விட்டு ஆட்டோவில் போனால் உடனே நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதியே 'பேருந்து ஆபத்தானது' என்று மூளைக்குப் பாடம் நடத்துகிறது. கடனுக்கு வட்டி கட்டக் கடன் வாங்குவது மாதிரி, தவிர்க்கத் தவிர்க்கப் பயம் பெருகும். கதவோர இருக்கை, பையில் தண்ணீர் பாட்டில் என்று நான் வைத்திருந்த 'பாதுகாப்பு'களும் இதே கணக்கில்தான் சேரும்.

இந்தத் தவிர்ப்பைப் படிப்படியாக விட ஒரு பட்டியல் போட்டோம். கூட்டமில்லாத நேரத்தில் நண்பரோடு ஒரு நிறுத்தம், பிறகு தனியாக, பிறகு காலை நெரிசலில், பாட்டில் இல்லாமல். ஒரே ஒரு விதி: பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கக்கூடாது. அது தணியும்வரை உட்கார்ந்திருந்தால்தான் மூளை புதிதாகக் கற்கும். 1960களில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சையும் நடத்தைச் சிகிச்சையும் சேர்ந்து வளர்ந்த சிபிடி (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) முறை இது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

எனக்குப் பயன்பட்டவை:

1. படபடப்பு புதிது என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகையிலும் இதே அறிகுறிகள் வரும்.

2. எங்கே வந்தது, என்ன நினைத்தீர்கள், கடைசியில் என்ன நடந்தது என்று நோட்டில் எழுதுங்கள். பயந்ததற்கும் நடந்ததற்கும் உள்ள தூரம் எழுத்தில் பளிச்சென்று தெரியும்.

3. கவலைப்பட மாலையில் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் வரும் கவலையைக் குறித்துவைத்து அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள்.

4. காபியைக் குறைத்துப் பாருங்கள். கஃபீன் தரும் படபடப்பும் பயம் தரும் படபடப்பும் ஒன்றுபோலவே இருக்கும்.

5. வீட்டில் இருப்பவர்கள் "பயப்படாதே" என்று சொல்வதைவிட, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

ஆலோசகரைத் தேடும்போது தகுதியைக் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். மாத்திரை எழுதுவது மனநல மருத்துவரின் வேலை; சிலருக்கு மாத்திரை, கவுன்சலிங் இரண்டும் சேர்ந்தே தேவைப்படும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சில சந்திப்புகளுக்குப் பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் வேறொருவரைப் பார்ப்பதில் தவறில்லை.

பணம் தடையாக இருக்க வேண்டாம். அரசு மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவை, 14416 என்ற எண்ணில் இலவசமாக, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை இப்போதே கைபேசியில் சேமித்து வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் வீட்டில் யாருக்காவது உதவும்.