கவாகோயே போகிறவளுக்கு

அன்புள்ள மகளே,

டோக்கியோவில் விடுப்பு கிடைத்தால் கவாகோயே போய் வரலாமா என்று கேட்டிருந்தாய். அவசியம் போ. வார நாளாகப் பார்த்துக்கொள். திங்கள் மட்டும் வேண்டாம், நகர அருங்காட்சியகம் மூடியிருக்கும். இகெபுகுரோவில் தோபு ரயில் பிடித்தால் அரை மணி நேரம்தான். செய்பு ஷின்ஜுகு ரயிலுக்கு நேரம் கூடுதல், ஆனால் அதன் கடைசி நிலையமான ஹொன்-கவாகோயேவிலிருந்து பழைய கடைத்தெரு கிட்டே. காலையிலேயே இறங்கிவிடு. மதியத்துக்குள் கூட்டம் சேர்ந்துவிடும்.

எல்லோரும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு, மணிக்கூண்டின் முன் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. சுவர்களைப் பார். 1893இல் பற்றிய தீயில் ஊரின் மூன்றில் ஒரு பங்கு சாம்பலானது. 1792இல் கட்டிய ஓசாவா வீடு போல, கனத்த மண்சுவர் வைத்துக் கிடங்கு முறையில் கட்டிய சில கட்டடங்களே தப்பின. அதைக் கண்ட வணிகர்கள் தங்கள் கடைகளையும் அதே முறையில் எழுப்பினார்கள். மூங்கில் பின்னலின் மேல் மண்ணை அடுக்கடுக்காகப் பூசி, உலரவிட்டு, மேலே கருஞ்சுண்ணாம்பு தேய்த்த சுவர்கள் அவை. மாடி ஜன்னல் கதவுகளின் கனத்தை அண்ணாந்து பார். விளிம்பு படிப்படியாக வெட்டியிருக்கும். மூடினால் ஒன்றோடொன்று பொருந்தி, நெருப்புக்கு இடுக்கு விடாது. இழந்ததை எண்ணி உட்காராமல் அடுத்த தீக்குத் தயாரான மனிதர்களின் வேலை அது. எனக்கு அந்த ஊரில் இதைவிடப் பெரிய காட்சி எதுவும் இல்லை.

இத்தனையும் தானாக மிஞ்சியதில்லை. வியாபாரம் ரயில் நிலையங்கள் பக்கம் நகர்ந்தபோது இந்தத் தெரு வாடியது. 1983இல் ஊர்க்காரர்கள் ‘குரா நோ காய்’ என்ற சங்கம் அமைத்தார்கள். 1988இல் கடைத்தெருக்காரர்களே கூடி, புதிதாகக் கட்டுவோருக்கு 67 நெறிகள் வகுத்தார்கள். 1992இல் மின்கம்பிகள் மண்ணுக்கடியில் போயின. அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது 1999இல்தான். ஊர் முந்திக்கொண்டது, அரசு பின்னால் வந்தது.

மணிக்கூண்டு காலை ஆறு, நண்பகல், பிற்பகல் மூன்று, மாலை ஆறு என நாளுக்கு நான்கு முறை ஒலிக்கும். மூன்று மணி ஓசையையாவது கேட்டுவிட்டு வா. நேரமிருந்தால் கிதா-இன் கோயிலுக்குப் போ. டோக்கியோவின் பழைய எடோ கோட்டையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த அறைகள் அங்கே இருக்கின்றன. டோக்கியோவிலேயே அந்தக் கோட்டையின் அப்படிப்பட்ட அறைகளைப் பார்க்க முடியாது.

நடுத்தெருவில் நின்று படம் எடுக்காதே, கார்கள் வந்தபடி இருக்கும். கூட்டத்தில் நடந்துகொண்டே தின்னாதே. வாங்கிய கடை வாசலில் நின்று சாப்பிடு. அங்கே குடும்பங்கள் இன்னும் வாழ்கின்றன, கடை நடத்துகின்றன. சும்மா சுற்றிவிட்டு வராமல் ஒரு பழைய கடைக்குள் நுழைந்து ஏதாவது வாங்கு. அந்தச் சுவர்களுக்குப் பூச்சுக்கூலி கொடுப்பது அந்த வியாபாரம்தான்.

அன்புடன்,
பெரியப்பா