முயலகனும் எமது பிள்ளைகளும்

திருச்சிராப்பள்ளிக்கு அண்மையில், கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருப்பாச்சிலாச்சிராமம் இன்று திருவாசி என வழங்கப்படுகிறது. திருஞானசம்பந்தர் அங்கு எழுந்தருளியபோது, கொல்லிமழவன் என்னும் மன்னன் முயலகன் என்ற நோயினால் வருந்திய தன் மகளைக் கோயிலிலே கிடத்தியிருந்தான். சம்பந்தர் பதிகம் பாட, அவள் நோய் நீங்கி எழுந்தாள் என்கிறது பெரியபுராணம். முயலகன் என்பது வலிப்பு நோய்க்கு வழங்கிய பழைய பெயர். நடராசப் பெருமானின் திருவடியின் கீழே கிடப்பவனுக்கும் அதுவே பெயர்.

இக்கதையைச் சைவசமய வகுப்புகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அம்மன்னன் மகளை அரண்மனையில் ஒளித்து வைக்காமல், பலரும் வந்துபோகும் இடத்துக்குக் கொண்டுவந்தான் என்பதை நாம் கவனிப்பதில்லை. இங்கே பிரித்தானியாவில், வலிப்புள்ள பிள்ளை தேர்த்திருவிழாவுக்கு வராமல் வீட்டில் நிற்கிறாள். கேட்டால், சோதனைக்குப் படிக்கிறாள் என்பார்கள். நாளை சம்பந்தம் பேசும்போது யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான். அப்பயம் வெறும் கற்பனையுமல்ல. இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமே வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாகக் கூறியது. 1999இல்தான் அச்சொல் நீக்கப்பட்டது. சட்டம் மாறிவிட்டது, எமது தரகர்மார் இன்னும் மாறவில்லை!

வலிப்பு என்பது மூளையின் நரம்புக் கலங்களில் திடீரென எழும் அளவுமீறிய மின் செயற்பாட்டின் விளைவு. பேயுமல்ல, பைத்தியமுமல்ல, தொற்றுவதுமில்லை. உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. சரியான சிகிச்சை கிடைத்தால் இவர்களில் 70 வீதம் வரையானோர் வலிப்பின்றி வாழலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. விழுந்து கைகால் அடிப்பது மட்டுமே வலிப்பென்றும் எண்ணக்கூடாது. சில பிள்ளைகள் சில விநாடிகள் வெறித்துப் பார்த்தபடி நின்றுவிடுவார்கள். பராக்குப் பார்க்கிறாள் என்று ஏசுவதற்கு முன், அது அடிக்கடி நடக்கிறதா என்று கவனித்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பூசை நேரத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் என்ன செய்வது? முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். குத்துவிளக்கு போன்றவற்றை அப்பால் நகர்த்தி, தலையின் கீழே மடித்த சால்வையை வையுங்கள். கைகால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். வாயில் கரண்டியோ, விரலோ, தண்ணீரோ வைக்கவே கூடாது. பல் உடையும், மூச்சு அடைக்கும். கையில் திறப்புக்கோர்வையைத் திணிக்கும் வழக்கமும் எம்மவரிடம் உண்டு. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். புகழ் திறப்புக்குப் போய்விடுகிறது! வலிப்பு நின்றதும் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து, தெளியும்வரை ஒருவர் அருகில் இருக்க வேண்டும். 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, தெளியுமுன் மீண்டும் வந்தாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, காயம் பட்டாலோ, அது முதல் வலிப்பாக இருந்தாலோ உடனே 999ஐ அழையுங்கள்.

எமது வழிபாட்டோடு சேர்ந்த இன்னொரு விடயமும் உண்டு. நித்திரைக் குறைவும் மருந்து தவறுவதும் வலிப்பைத் தூண்டுபவற்றுள் முக்கியமானவை. சிலருக்கு உணவைத் தவறவிடுவதும் அவ்வாறே. சிவராத்திரியில் கண்விழிப்பதும் கந்தசஷ்டியில் உபவாசம் இருப்பதும் இவர்களுக்கு ஆபத்தாகலாம். வைத்தியரைக் கேட்டே விரதம் பிடிக்கவேண்டும். மருந்தை ஒருநாளும் தாமாக நிறுத்தக்கூடாது. மின்னும் வெளிச்சத்தால் வலிப்பு வருவதோ இந்நோய் உள்ளவர்களில் 100க்கு 3 பேருக்கு மட்டுமே. ஆகவே தீபாராதனைக்கு அஞ்சிப் பிள்ளையை வீட்டில் விட்டுவர வேண்டியதில்லை.

கார் ஓட்டுபவர்கள் தமக்கு வலிப்பு வந்ததைச் சாரதி அனுமதிப்பத்திர அலுவலகத்துக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். பொதுவாக 12 மாதங்கள் வலிப்பின்றி இருந்தால் மீண்டும் ஓட்டலாம். இங்கிலாந்தில் தொடர்ந்து வலிப்பு மருந்து எடுப்பவர்கள் விலக்குச் சான்றிதழ் பெற்றால், எல்லா மருந்துச் சீட்டுகளுக்கும் கட்டணமில்லை. வெளியே தெரிந்துவிடும் என்று அதற்குக்கூட விண்ணப்பிக்காத குடும்பங்கள் உண்டு. படிவத்தைக் குடும்ப வைத்தியரிடமே பெறலாம்.