டமாலென்று இறக்கினால் கற்றுக்குட்டியா?

கேள்வி: ஆடி மாத மழையில் சென்னையிலிருந்து போர்ட் பிளேர் திரும்பினேன். விமானம் டமாலென்று இறங்கியதில் மடியிலிருந்த முறுக்குப் பொட்டலம் சிதறிவிட்டது. அலுங்காமல் இறக்கத் தெரியாதவரா விமானி?
– வாசகி, டெலானிப்பூர்

பதில்: முறுக்குக்காக வருந்துகிறேன் அம்மா, ஆனால் விமானி பக்கம்தான் பேசப்போகிறேன். பஞ்சுபோல இறக்குவதே திறமை என்பது பயணிகளாகிய நாம் போடும் மார்க். எந்த இடத்தில், என்ன வேகத்தில் சக்கரம் தரையைத் தொட்டது என்பதுதான் விமானிகளின் கணக்கு.

நம் ஊர் ஓடுபாதையின் வடகிழக்கு முனைக்கு அப்பால் குன்று. அதனால் விமானங்கள் தென்மேற்கிலிருந்து வந்து இறங்கி, தென்மேற்கு நோக்கியே ஏறிப் போகின்றன. காற்றை எதிர்த்து இறங்குவதுதான் வழக்கம். ஆடியிலோ காற்றும் தென்மேற்கிலிருந்து வீசி, இறங்கும் விமானத்தை முதுகில் தள்ளுகிறது. இது பின்காற்று. பொதுவாக 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் வரைதான் இதற்கு அனுமதி. மிஞ்சினால் வந்த வழியே சென்னைக்குத் திரும்பவேண்டியதுதான். அந்த அனுபவமும் உங்களுக்கு இருக்கும்!

தரையைத் தொடுமுன் மூக்கைச் சற்றே தூக்கி, இறங்கும் வேகத்தைத் தணிப்பார்கள். இதற்கு ஃப்ளேர் என்று பெயர். இதை நீட்டினால் மெத்தென்று இறங்கலாம். ஆனால் விமானம் தரையை ஒட்டி மிதந்துகொண்டே போகும். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி மிதந்தால் 65 மீட்டருக்கு மேல் ஓடுபாதை வீண். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழை, பின்காற்று இரண்டும் சேர்ந்திருந்தன. ஓடுபாதையில் ஏறக்குறைய பாதி கடந்தபிறகே விமானம் தரை தொட்டது. நிற்க இடம் போதாமல் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்ததில் 21 பேர் இறந்தார்கள்.

ஈரத்தில் இன்னொரு வம்பு. மெதுவாக வைத்தால் சக்கரம் தண்ணீர்ப் படலத்தின் மேலேயே வழுக்கும், ஹைட்ரோபிளேனிங் என்பார்கள். பிரேக் பிடிக்காது. அழுத்தி வைத்தால் படலம் கிழிந்து சக்கரம் சுழலும். சக்கரம் தரையில் ஊன்றியது உறுதியானதும் இறக்கையின் மேல் பலகைகள் சடசடவென்று எழும். ஸ்பாய்லர் என்கிற இவை, இறக்கையின் தூக்குவிசையைக் கெடுத்து விமானத்தின் பாரத்தைச் சக்கரத்தின் மேல் சுமத்துகின்றன. பிரேக்குக்கு வேண்டியது அந்தப் பாரம்தான்.

அடுத்தமுறை இறக்கைக்குச் சற்றுப் பின்னால் ஜன்னலோரம் கேட்டு வாங்குங்கள். டமாலுக்கு மறுநொடி அவை எழுவதைப் பார்க்கலாம். முறுக்கை மட்டும் டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.