ராத்திரியில் ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்?

கொச்சியில் தோப்பும்படி என்று ஓர் இடம். மீன்பிடித் துறைமுகம் அங்கேதான் இருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்த தமிழர்களும் அங்கே உண்டு.

அப்படி ஒரு வீடு. ராத்திரி ஒன்பதரை மணி. கதவைத் தட்டினார்கள். சுகாதார ஊழியர்கள் இரண்டு பேர்.

"விரலில் ஒரு சொட்டு ரத்தம் வேண்டும். யானைக்கால் நோய்ப் பரிசோதனை."

வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. துறைமுகத்தில் மீன் இறக்கும் வேலை அவருக்கு. விடியுமுன்னே எழ வேண்டும்.

"என் கால் நன்றாகத்தானே இருக்கிறது? பகலில் வரக் கூடாதா?"

பகலில் வந்தால் தேடுவது கிடைக்காது!

யானைக்கால் நோய்க்குக் காரணம் ஒரு புழு. நூல் மாதிரி இருக்கும். நம் உடம்பில் ரத்தக் குழாய் இருப்பது போல நிணநீர்க் குழாயும் உண்டு. ரத்தத்திலிருந்து கசியும் நீரை அது திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கும். புழு குடியிருப்பது அந்தக் குழாயில். குழாய் கெட்டால் நீர் தேங்கும். கால் வீங்கும். அந்த வீக்கத்துக்கு வெள்ளைக்காரர்கள் 'கொச்சின் லெக்' என்றே பெயர் வைத்தார்கள். மலையாளத்தில் மந்து.

பெண் புழு கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் போடும். குஞ்சுகள் பகலில் நுரையீரல் பக்கம் ஒதுங்கிக் கிடக்கும். ராத்திரியில்தான் தோலுக்கு அருகே ஓடும் ரத்தத்துக்கு வரும். ஏன் தெரியுமா? அவற்றைச் சுமக்கிற கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் ராத்திரியில்தான். என்ன பொருத்தம், பாருங்கள்!

கொசுவின் உடம்பில் குஞ்சு இரண்டு வாரம் போல வளரும். பிறகு அந்தக் கொசு கடிக்கும்போது அடுத்தவர் உடம்பில் ஏறும். கொசுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1877-ல் சீனாவில் இருந்த மான்சன் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். அதுவரை சாபம் என்றும் தண்ணீர்க் கோளாறு என்றும் சொன்னவர்கள் உண்டு.

தோப்பும்படி, மட்டாஞ்சேரி எல்லாம் தாழ்ந்த பூமி. சாக்கடை சீக்கிரம் வடியாது. கியூலெக்ஸ் கொசுவுக்கு அழுக்குத் தண்ணீர்தான் பிடிக்கும். முட்டை கொசுவாகப் பறக்கப் பத்து நாள் போதும். கக்கூஸ் தொட்டியின் காற்றுக் குழாய்க்கு வலை கட்டாவிட்டால் அதுவும் கொசுவுக்கு வாசல்தான்.

இன்னொன்று. வீங்கிய காலைக் கண்டு ஒதுங்குகிறோமே, அது தப்பு. தொட்டால் ஒட்டாது. வீக்கம் உள்ள பலருக்கு ரத்தத்தில் குஞ்சே இருக்காது. ஒரு கோளாறும் தெரியாமல் நடமாடுகிறவர் ரத்தத்தில் இருக்கலாம்.

அந்த வீட்டுக்காரர் கதையும் அதுதான். சில நாள் கழித்துச் சொன்னார்கள், அவர் ரத்தத்தில் குஞ்சு இருக்கிறது என்று. டி.இ.சி. மாத்திரை கொடுத்தார்கள். பன்னிரண்டு நாளைக்கு. காசு இல்லை.

முதல் நாளே தலைவலி, காய்ச்சல்.

"மாத்திரைதான் நோயைக் கொண்டுவருகிறது. எனக்கு வேண்டாம்" என்றார்.

மனைவி சுகாதார ஊழியரிடம் ஓடினாள். அவர் சொன்னார்: "குஞ்சுகள் சாகும்போது இப்படி வரும், அக்கா. ஓரிரு நாளில் சரியாகும். நிறுத்த வேண்டாம். காய்ச்சல் கூடினால் உடனே கூட்டி வாருங்கள்."

திரும்பி வந்தவள் காலண்டரில் பன்னிரண்டு தேதிக்கு வட்டம் போட்டாள். சாப்பாடு முடிந்ததும் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுப்பாள். அவர் விழுங்கிய பிறகுதான் அன்றைய வட்டத்தை அடிப்பாள்.